250 டிகிரிக்குள் ஒரு பீட்சா

நேப்பிள்ஸ் நகரத்துப் பீட்சா 60 முதல் 90 விநாடிக்குள் வெந்து வெளியே வந்துவிடும். 1984இல் அங்கே தொடங்கப்பட்ட பீட்சா சங்கத்தின் விதிப்படி, விறகடுப்பின் தளம் 380 முதல் 430 டிகிரி செல்சியஸ் சூட்டிலும், கவிந்த மேற்கூரை சுமார் 485 டிகிரியிலும் இருக்க வேண்டும். 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தச் செய்முறையைப் பாரம்பரியச் சிறப்புள்ள உணவாகப் பதிவு செய்தது. 2017இல் யுனெஸ்கோ, நேப்பிள்ஸ் பீட்சாக் கலைஞர்களின் கைத்திறனை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. பீட்சா என்றதும் உலகம் முழுக்க இந்த உருவம்தான் இலக்கணமாக நிற்கிறது: ஓரம் உப்பி, அங்கங்கே கரும்புள்ளி விழுந்து, நடுவில் மெத்தென்று இருக்கும் வட்டம்.

நம் வீட்டு ஓவனின் குமிழைக் கடைசிவரை திருப்பினால் 250 டிகிரி. அமெரிக்க வீடுகளில் உள்ள பெரிய ஓவன்கள் 288 வரை போகும். சாதாரணச் சமையலறை ஓவனுக்கு அதுதான் எல்லை. அதில் வட்ட பீட்சா சுட்டுப் பார்த்தவர்களுக்கு அடுத்து நடப்பது தெரியும். அடி வெளுத்துக் கிடக்கும், சீஸ் எண்ணெய் கக்கும், ஓரம் காய்ந்து வறண்டுபோகும். பழி மாவின் மேலோ ஈஸ்ட்டின் மேலோ விழும். உண்மையில் பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம் வெப்பம், அதிலும் வெப்பம் எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பது. இந்த இடைவெளியைக் கடக்கச் சமையல்காரர்களும் பொறியாளர்களும் இயற்பியலாளர்களும் கடந்த 20 ஆண்டுகளாகப் பல வழிகளைத் தேடியிருக்கிறார்கள். அந்த வழிகளை நிறுத்துப் பார்ப்பதே இங்கே வேலை. என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: வீட்டு ஓவனில் நேப்பிள்ஸைத் துரத்துவதைவிட, அந்தச் சூட்டுக்கென்றே பிறந்த பீட்சாக்களைச் செய்வது மேல். ஆனாலும் துரத்தியவர்கள் கண்டுபிடித்தவை இல்லாமல் அந்த இரண்டாவது வழியும் சரியாக அமையாது.

முதலில் சூட்டின் கணக்கு. பீட்சாவுக்குத் தளத்திலிருந்து தொட்டுக் கடத்தும் வெப்பம், மேலிருந்து கதிர்வீச்சாக இறங்கும் வெப்பம், சுற்றியுள்ள காற்றின் வெப்பம் என மூன்று வகையாகச் சூடு சேர்கிறது. இவற்றில் கதிர்வீச்சு, கெல்வின் அளவிலான வெப்பநிலையின் நான்காம் மடியில் ஏறக்கூடியது. 485 டிகிரிக் கூரை 758 கெல்வின், 250 டிகிரிக் கூரை 523 கெல்வின். நான்காம் மடி போட்டுப் பார்த்தால் முன்னது பின்னதைப் போல 4.4 மடங்கு வெப்பத்தைக் கீழே இறக்குகிறது. மாவின் மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். ஈரம் போய், சுமார் 140 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் மைலார்ட் வினை தொடங்கி மாவு சிவக்கும், மணம் வரும். விறகடுப்பில் மேற்பரப்பு நொடிகளில் காய்ந்து சிவந்துவிடுகிறது, உள்ளிருக்கும் ஈரத்துக்கு வெளியேற நேரமே இல்லை. வீட்டு ஓவனில் அதே சிவப்புக்கு 10, 12 நிமிடம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அதற்குள் உள்ளீரமும் போய்விடுகிறது. வீட்டுப் பீட்சாவின் வறட்சிக்கு வேறு ரகசியம் எதுவும் இல்லை.

ஆண்ட்ரே வர்லாமோவ், ஆண்ட்ரியாஸ் கிளாட்ஸ் என்ற இயற்பியலாளர்களும், உணவு மானுடவியலாளர் செர்ஜியோ கிராசோவும் சேர்ந்து 2018இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்தக் கேள்வியை நேராகவே எடுத்துக்கொண்டது. ரோமில் ஒரு கடையின் செங்கல் அடுப்பில், 330 டிகிரியில், பீட்சா இரண்டே நிமிடத்தில் வேகிறது. அதே 330 டிகிரியில் எஃகுத் தளத்தில் வைத்தால் என்ன ஆகும்? அவர்கள் கணக்குப்படி, செங்கலும் மாவும் தொடும் இடத்தில் வெப்பநிலை சுமார் 208 டிகிரி. எஃகும் மாவும் தொடும் இடத்திலோ 300 டிகிரி, அதாவது அடி கருகிப்போகும். எனவே எஃகு அடுப்பைச் சுமார் 230 டிகிரிக்கு இறக்கி, 170 விநாடி வைக்க வேண்டும் என்று முடித்தார்கள். செங்கல் அடுப்பின் பெருமையைச் சொல்ல எழுந்த கட்டுரை அது. வீட்டில் சமைப்பவர் அதை மறுபக்கமிருந்து படிக்கலாம். தளம் 250 டிகிரியில் இருந்தாலும் அது எஃகாக இருந்தால், தொடும் இடத்தில் சுமார் 228 டிகிரி கிடைக்கும். செங்கல் தளத்தில் இதே சூட்டைப் பெற, செங்கலை ஏறக்குறைய 360 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஓவனின் குமிழைத் தொடாமலே, அடிப்பக்கத்தைப் பொறுத்தவரை, 100 டிகிரிக்கு மேல் சம்பாதித்துவிட்டோம்.

எஃகின் இந்த வல்லமையைச் சமையல் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது நாதன் மிர்வால்டும் அவருடைய குழுவும் 2011இல் வெளியிட்ட 'மாடர்னிஸ்ட் கியூசின்' தொகுதிகள். அதிலிருந்து எழுந்த யோசனையை அமெரிக்காவில் எஃகுத் தொழில் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த ஆண்ட்ரிஸ் லாக்ஸ்டின் பிடித்துக்கொண்டு, 2012இல் பொதுமக்களிடம் நிதி திரட்டி, வீட்டு ஓவனுக்கான 6 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். இறக்குமதி செய்தால் விலை கண்ணைக் கட்டும். ஆனால் இரும்புக் கடையில் மைல்டு ஸ்டீல் தகட்டை 30 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டித் தரச் சொல்லி, வெல்டிங் பட்டறையில் ஓரத்தை மழுக்கி வாங்கினால் போதும், எடை நாலேகால் கிலோ வரும். துத்தநாகம் பூசிய தகடு கூடவே கூடாது. புதுத் தகட்டின் மேலிருக்கும் கருஞ்செதிலை வினிகரில் ஊறவைத்துத் தேய்த்து எடுத்துவிட்டு, தோசைக்கல்லைப் பழக்குவதுபோலவே எண்ணெய் பூசிக் காய்ச்சிப் பழக்க வேண்டும். ஓவனின் கம்பி வலை அந்த எடையைத் தாங்குமா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். சின்ன ஓவனில் தகடு சுவரைத் தொடாமல் சுற்றிலும் காற்றுக்கு இடம் விட்டிருக்க வேண்டும்.

கல்லும் மோசமில்லை. கார்டியரைட் கல் எஃகைவிட மெதுவாக வெப்பத்தைக் கொடுக்கும், அதனால் அடி கருகும் அபாயம் குறைவு. கல்லானாலும் எஃகானாலும் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஓவனின் சிவப்பு விளக்கு அணைந்ததும் சூடேறிவிட்டது என்று நம்பிவிடுகிறார்கள். அந்த விளக்கு காற்றின் சூட்டை மட்டுமே சொல்கிறது. உள்ளே கிடக்கும் கனத்த கல் அந்தச் சூட்டுக்கு வர 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை பிடிக்கும். 2000 வாட் ஓவன் ஒரு மணி நேரம் விடாமல் எரிந்தாலும் இரண்டு யூனிட் மின்சாரம்தான், இதில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. குமிழில் போட்டிருக்கும் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். ஓவனுக்குள் தொங்கவிடும் சிறிய வெப்பமானி ஒன்று வாங்கினால், நம் ஓவனின் 250 உண்மையில் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

அடிப்பக்கச் சிக்கலுக்கு இப்படி ஒரு தீர்வு கிடைத்தது. மேல்பக்கம் இன்னும் பாக்கி. எஃகின் மேல் பீட்சா வைத்தால் அடி ஐந்து நிமிடத்தில் தயார், மேலே சீஸ் அப்போதுதான் உருகத் தொடங்கியிருக்கும். இதற்கான விடையைப் பலர் தனித்தனியே கண்டடைந்தார்கள். நியூயார்க்கின் ஜிம் லேஹி, 2006இல் பிசையாமலே செய்யும் ரொட்டியால் புகழ்பெற்றவர், பின்னர் பீட்சாவுக்குக் கல்லை மேல் கம்பிக்கு அருகே உயர்த்தி வைத்து கிரிலைப் போட்டுச் சுடச் சொன்னார். இங்கிலாந்தின் ஹெஸ்டன் புளூமெந்தால் தன் தொலைக்காட்சித் தொடரில் வார்ப்பிரும்புச் சட்டியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, அதைக் கவிழ்த்து கிரிலுக்கு அடியில் வைத்து, அதன் முதுகில் பீட்சா சுட்டார். செந்தணலாக ஒளிரும் கம்பியின் சூடு ஓவன் காற்றின் சூட்டைவிட மிக அதிகம். நான்காம் மடிக் கணக்கு இங்கே நமக்குச் சாதகமாகத் திரும்புகிறது.

புளூமெந்தாலின் வழிக்கு நம் சமையலறைகளில் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. கைப்பிடி இல்லாத வார்ப்பிரும்புத் தோசைக்கல், ஓவனுக்குள் வைத்துக் கதவை மூட முடிகிற அளவில் இருந்தால் போதும். அதைக் கேஸ் அடுப்பில் முழுத் தீயில் ஏழெட்டு நிமிடம் காய்ச்ச வேண்டும். ஓவனில் மேல் கம்பி மட்டும் எரியும்படி திருப்பிவைத்து, தெர்மோஸ்டாட் அணைத்துவிடாமலிருக்கக் கதவை அரை நிமிடம் ஒருக்களித்துத் திறந்தால் கம்பி மறுபடி சிவந்து எழும். கல்லை இடுக்கியால் பிடித்து மேல்தட்டில் வைத்து, பட்டர் பேப்பரில் தயாராக இருக்கும் பீட்சாவை அதன் மேல் நகர்த்த வேண்டும். அந்தப் பேப்பர் கம்பிக்கு இவ்வளவு அருகில் தீப்பிடிக்கக்கூடியது என்பதால், பீட்சாவின் விளிம்பு வரை அதை வெட்டிவிட்டு, பக்கத்திலேயே நிற்க வேண்டும். முதல் நிமிடத்தில் ஒன்றும் நடக்காது. இரண்டாவது நிமிடத்தில் ஓரம் மூச்சு இழுத்ததுபோல எழும். மூன்றாவது நிமிடத்தில் சீஸில் கொப்புளங்கள் வந்து, உடைந்து, உச்சியில் பழுப்புப் பொட்டு விழும். அப்போது எடுத்துவிட வேண்டும். நாலாவது நிமிடம் கரி. தினமும் தோசைக்குப் பழகிய கல்லை மட்டும் இதற்குக் கொடுக்காதீர்கள். இந்தச் சூட்டில் அதன் எண்ணெய்ப் பழக்கம் எரிந்துபோய், மறுநாள் தோசை கல்லை விட்டு வராது.

துரத்தலின் உச்சம் என்று அமெரிக்காவின் ஜெஃப் வரசானோவைச் சொல்ல வேண்டும். தன் வீட்டு ஓவனின் தானியங்கிச் சுத்தம் செய்யும் நிலையில், உள்ளே சூடு 400 டிகிரியைத் தாண்டுவதைக் கண்டு, அந்நேரம் கதவு திறக்காதபடி போட்டிருக்கும் பூட்டையே வெட்டிவிட்டார். பீட்சா அருமையாக வந்தது. 2009இல் அட்லாண்டாவில் கடையே திறந்துவிட்டார். அவருடைய விடாமுயற்சி போற்றத்தக்கது, ஆனால் அவர் செய்ததை யாரும் செய்யக் கூடாது. அந்தப் பூட்டு உயிர்காக்கவே இருக்கிறது, தீ விபத்தென்றால் வீடு போகும். 500 டிகிரி வரை போகும் சிறிய வெளிப்புற பீட்சா அடுப்புகள் 2012க்குப் பிறகு விற்பனைக்கு வந்துவிட்டன. நேப்பிள்ஸ் பீட்சாதான் வேண்டும் என்று பிடிவாதம் உள்ளவர்களுக்கு அதுவே நேர்வழி.

மற்றவர்களுக்கு ஒரு கேள்வி. நேப்பிள்ஸ் பீட்சாவை மட்டும் ஏன் இலக்கணமாக வைத்துக்கொள்ள வேண்டும்? பெரும்பாலான இத்தாலிய வீடுகளில் விறகடுப்பு கிடையாது. அங்கே வீட்டுப் பீட்சா என்றால் ட்ரேயில் எண்ணெய் தடவி, மாவைப் பரப்பி, சாதாரண ஓவனில் சுட்டெடுப்பதுதான். அந்தப் பழக்கத்தோடு அமெரிக்கா போன குடும்பங்களின் சமையலறையிலிருந்து நியூயார்க்கின் லாங் ஐலண்டில் 'பாட்டி பீட்சா' என்றே ஒரு வகை கிளம்பி, பிறகு கடைகளுக்கும் போனது. சதுர ட்ரேயில் மெல்லிய மாவு, முதலில் சீஸ், அதன் மேல் தக்காளி. டெட்ராய்ட்டில் 1946இல் பட்டிஸ் என்ற கடையில் கஸ் குவேரா சுட்ட சதுரப் பீட்சாவும் இதே இனம். கார்த் தொழிற்சாலைகளில் உதிரிபாகம் வைக்கும் கறுத்த எஃகுத் தட்டில் அதைச் சுட்டதாகச் சொல்வார்கள். சீஸை விளிம்புவரை தூவுவதால் அது தட்டின் சுவரோடு உருகி, மொறுமொறுவென்று கருஞ்சிவப்பு வேலியாக நிற்கும். ரோமில் கபிரியேலே போன்சி 2003இல் வாட்டிகனுக்கு அருகே திறந்த பிட்சாரியம் கடையில் விற்பதும், நீர் அதிகம் சேர்த்த மாவை ட்ரேயில் நீட்டி மின் அடுப்பில் சுட்ட துண்டுப் பீட்சாதான். அதை உண்டவர் யாரும் விறகடுப்பு இல்லையே என்று குறைப்பட்டதில்லை.

இந்தப் பீட்சாக்கள் நிதானமாக வேகும். 12, 15 நிமிடம் ஆகும். அந்த நேரத்தை வறட்சியாக்காமல் காப்பவை மாவிலுள்ள கூடுதல் நீரும் ட்ரேயிலுள்ள எண்ணெயும். ட்ரேயில் தாராளமாக ஊற்றிய எண்ணெய் மாவின் அடியைப் பொரித்துவிடுவதால், அடி வெளுப்பு என்ற பேச்சே எழாது. பளபளக்கும் ட்ரே கதிர்வீச்சைத் திருப்பி அனுப்பிவிடும், எனவே கறுத்த, கனத்த ட்ரே நல்லது. ஓவனின் கீழ்த்தட்டில் வைத்துச் சுட வேண்டும். எடுத்த பிறகும் அடி போதவில்லை என்றால், வார்ப்பிரும்புச் சட்டியாக இருக்கும் பட்சத்தில், சமையல் எழுத்தாளர் கென்ஜி லோபஸ்-ஆல்ட் பரப்பிய ஒரு தந்திரம் உதவும்: சட்டியை அப்படியே கேஸ் அடுப்பில் சிறு தீயில் ஓரிரு நிமிடம் வைத்து, கத்தியால் ஓரத்தைத் தூக்கி அடி சிவந்ததைப் பார்த்து இறக்கலாம். ஓவனால் முடியாத பாதியை அடுப்பு முடித்துக் கொடுக்கிறது. சின்ன ஓடிஜி ஓவன் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியவில்லை.

இனி மாவு. நேப்பிள்ஸ் விதிப்படி ஒரு லிட்டர் நீருக்கு 1.6 முதல் 1.8 கிலோ மாவு, அதாவது மாவின் எடையில் 55இலிருந்து 62 விழுக்காடு நீர். ஒன்றரை நிமிடத்தில் வேகும் பீட்சாவுக்கு அது போதும். நம் ஓவனுக்கு அதைக் கடைப்பிடிப்பதே தவறு. வட்ட பீட்சாவுக்கு 65, ட்ரே பீட்சாவுக்கு 70இலிருந்து 75 விழுக்காடு நீர் வேண்டும். அரை கிலோ மைதாவுக்கு 325 மில்லி தண்ணீர், 10 கிராம் உப்பு, ஒன்றரை கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், இரண்டு தேக்கரண்டி எண்ணெய் என்று தொடங்கலாம். நேப்பிள்ஸ்காரர்கள் தொடாத சர்க்கரையை இங்கே ஒரு தேக்கரண்டி சேர்ப்பதில் பிழையில்லை. குறைந்த சூட்டில் மாவு சிவக்க அது துணை செய்யும்.

இத்தாலிய மாவுப் பைகளில் மாவின் வலிமையை எண்ணாகவே அச்சிடுவதுண்டு. நம் மைதாப் பொட்டலத்தில் அது கிடையாது, புரதம் எவ்வளவு என்ற ஒரு வரிதான். 100 கிராமுக்கு 11 கிராமை ஒட்டியிருப்பதைத் தேர்ந்தெடுக்கலாம். நம் மைதா பொதுவாக வலிமை குறைந்தது என்பதால், வெளிநாட்டுச் செய்முறைகள் சொல்வதுபோல மூன்று நாள் குளிர்பெட்டியில் வைத்தால் தளர்ந்து, கையோடு ஒட்டி, கிழிந்துபோகும். ஒரு நாள் போதும். 30 டிகிரியைத் தாண்டும் நம் ஊர்ச் சமையலறையில், வெளியே வைத்துப் புளிக்கவிடும் கணக்கு எதையும் இத்தாலியிலிருந்து கடன் வாங்க முடியாது. ஐஸ் தண்ணீரில் பிசைந்து, அரை மணி நேரம் வெளியே வைத்து, நேராகக் குளிர்பெட்டிக்குக் கொண்டுபோவது நல்லது. மறுநாள் உருண்டையை வெளியே எடுத்து ஒரு மணி நேரமாவது விட வேண்டும். குளிர்ந்த உருண்டை இழுத்தால் சுருங்கும். சுருங்குகிற மாவோடு மல்லுக்கட்டக் கூடாது, இன்னும் 15 நிமிடம் மூடி வைத்தால் தானே இளகிக்கொடுக்கும். பரோட்டா மாஸ்டர்கள் உருண்டைகளை எண்ணெய் தடவி ஊறவைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான். பூரிக்கட்டையை எடுத்தால் உள்ளே சேர்ந்த காற்றெல்லாம் போய்விடும், விரல் நுனிகளால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி நீட்ட வேண்டும்.

சீஸ் விஷயத்தில் நெடுநேரச் சூடு எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. நீரில் மிதக்கும் புது மொசரெல்லா உருண்டை விறகடுப்புக்கு உரியது. நம் ஓவனில் அது நீரை விட்டு, பீட்சாவின் நடுவைக் குளமாக்கும். ஈரம் குறைந்த மொசரெல்லாக் கட்டியை வாங்கி வீட்டிலேயே பெரிய துருவலாகத் துருவுவது நல்லது. துருவி விற்பதில் ஒட்டாமலிருக்கத் தூள் கலந்திருப்பார்கள், அது உருகுவதைக் கெடுக்கும். 2014இல் ஆக்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மொசரெல்லாவுக்கு மட்டும் அந்த அழகான பழுப்புப் பொட்டுகள் ஏன் விழுகின்றன என்று ஆராய்ந்தார்கள். அதன் இழுபடும் தன்மை நீராவியைப் பிடித்துக் கொப்புளமாக எழச் செய்கிறது, கொப்புளத்தின் உச்சியிலிருந்து எண்ணெய் வழிந்துவிட, அந்த இடம் காய்ந்து சிவக்கிறது. செடாருக்கு அந்த இழுவை கிடையாது. ஆகவே மொசரெல்லாவோடு செடார் கலப்பது சுவைக்கு உதவலாம், தோற்றத்துக்கு உதவாது. ட்ரே பீட்சாவில் இன்னொரு வழியும் உண்டு. மாவைத் தக்காளி மட்டும் தடவிப் பாதி வேகவிட்டு, பிறகு சீஸ் போட்டு மீண்டும் உள்ளே வைக்கலாம். சீஸ் எண்ணெய் கக்கும் பிரச்சினை அதோடு தீர்ந்தது.

தக்காளிக்கு நேப்பிள்ஸ் சொல்வது மிக எளிமையானது. சமைக்காமல் கையால் நசுக்கி, உப்புப் போட்டால் போதும். நம் நாட்டுத் தக்காளியில் புளிப்பும் நீரும் அதிகம். விதையையும் சாறையும் அகற்றி, சதையை மட்டும் வாணலியில் சுண்ட வைத்து, ஆறவிட்டுத் தடவ வேண்டும். 28 சென்டிமீட்டர் பீட்சாவுக்கு 70 கிராம் தக்காளி, 100 கிராம் சீஸ். அதைத் தாண்டும் ஒவ்வொரு கரண்டியும் ஓவன் ஆவியாக்க வேண்டிய தண்ணீர். குடைமிளகாயும் காளானும் வெங்காயமும் பச்சையாகப் போனால் அதே கதை, மெல்லியதாக நறுக்கி, வாணலியில் ஒரு புரட்டுப் புரட்டி ஈரத்தை எடுத்துவிட்டுத் தூவலாம். எதையும் குவிக்கக் கூடாது, அங்கங்கே மாவு கண்ணுக்குத் தெரிய வேண்டும். துளசி வகை இலைகள் எதுவானாலும் கடைசியில், வெளியே எடுத்த பிறகு.

சுட்ட ட்ரேயிலிருந்து பீட்சாவை எடுத்ததும் தட்டில் வைத்தால் ஆவி அடியில் தங்கி, அரும்பாடுபட்டு வந்த மொறுமொறுப்பு நமுத்துவிடும். கம்பி வலையில் வைத்து மூன்று நான்கு நிமிடம் ஆறவிட்டு, பிறகு கத்தரிக்கோலால் வெட்டலாம். ரோமின் துண்டுப் பீட்சாக் கடைகளில் அப்படித்தான் வெட்டி, எடை போட்டு விற்கிறார்கள்.